தரைத்தள அறை

காலையில் விடுதி அறைக்குள் வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே தெருவில் போகிறவர்களின் தலையும் தோளும் தெரிந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இடுப்புதான் தெரிகிறது.

முப்பது வருஷம் ஊராருக்குத் துணி தைத்தவள் டெய்லரம்மா. அவளுக்குக் கண்ணளவு தப்பாது. தப்பியிருந்தால் வாடிக்கைக்காரிகள் சும்மா விட்டிருப்பார்களா? ஆனாலும் வெயில் கிறுகிறுப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்து ஏழு வாரமாகிறது. "கதகதப்பான ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆனா ஒரு படி ஏறக்கூடாது" என்றிருந்தார் டாக்டர். அந்த ஏழு வாரமாக அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், தலையணையைச் சரிசெய்வாள். மனசு மரத்துக் கிடந்தது.

விடுதி மேலாளர் சாவி கொடுக்கும்போதே சொன்னார். "பழைய ஊரும்மா இது. ஊருக்குக் கீழ ஊரு, அதுக்கும் கீழ இன்னொண்ணு. தோண்டினா அடுப்பு மேல பாத்திரம் வச்சது வச்சபடி இருக்கும். மத்தியானத்துல நாங்க யாரும் கீழ தூங்க மாட்டோம். மாடியில ரூம் தர்றேன். ஐயாவ ரெண்டு பேர் நாற்காலியோட தூக்கிடுவாங்க."

வியாபாரம் தெரிந்தவள் காதிலேயே பூ சுற்றுகிறானே என்று நினைத்தாள் அவள். குளிர்ச்சியான அறையை வேண்டியவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, வெயில் காயும் மாடியை நம் தலையில் கட்டப் பார்க்கிறான். "எங்களுக்குக் கீழயே போதும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

உச்சி வெயிலில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்து, கடைசி சைக்கிள் மணியும் தெருக்கோடியில் கரைந்துபோன பிறகு, அவர் விடும் குறட்டைக்கும் மின்விசிறியின் கடகடப்புக்கும் நடுவே, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக மாவு சலிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மழையே இல்லாத நாளில் ஈரமண் வாசனை அடித்தது. அவள் கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, ஜன்னல் கம்பி வழியாகத் தெருவரைக்கும் தொங்கவிட்டாள். பதினெட்டு அங்குலம். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொங்கவிட்டாள். பதினொன்று.

"ஏங்க, எந்திரிங்க. ரூம் மாத்தணும்."

"அஞ்சு நிமிஷம்மா. தலை போற அவசரமா?" மாத்திரை மயக்கத்தில் புரண்டு படுத்தார்.

நடைக்கு ஓடினாள். வாசல் கதவு திறந்தே இருந்தது. அதற்கு அப்பால், நெஞ்சு உயரத்துக்கு மண். மீதியிருந்தது மாடிப்படி மட்டும்தான். பத்துப் படி.

திரும்பி வந்து அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"வலிக்குது, விடு!"

"ஆளக் கூட்டிட்டு இதோ வந்துடுறேன்."

தனியாக ஏறும்போது உடம்பு லேசாக இருந்தது. ஏழு வாரத்தில் முதல் தடவை. அது அவளுக்கே தெரிந்தது. நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

மேலே விடுதி ஆட்கள் பாய்களில் படுத்திருந்தார்கள். மேலாளர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயா, அவரைத் தூக்கணும். சீக்கிரம்!"

மேலாளர் இடத்தைவிட்டு எழவில்லை. "திரும்பிப் பாருங்கம்மா."

திரும்பினாள். படி இல்லை. தரைதான் இருந்தது. கல் பாவிய, பெருக்கித் துடைத்த, பழைய தரை. ஜன்னலுக்கு வெளியே தலையும் தோளுமாக ஆட்கள் போனார்கள். கடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேனேம்மா" என்றார் மேலாளர். குரலில் கோபம் இல்லை.

அவள் குப்புற விழுந்து கல்லில் காதை வைத்தாள். சில்லென்றிருந்தது.

"ஏம்மா." கல்லுக்குக் கீழேயிருந்து வீட்டுக்காரர்தான். தூக்கக் குரல். "லைட்டப் போடு."

தரையை அடித்தாள். கூப்பிட்டாள். அவருக்கு எட்டவில்லை.

அவருக்கும் கீழே, வெகு ஆழத்தில், டொக். பிறகு இன்னும் கிட்டத்தில்.

"யாரோ தட்டுறாங்க" என்றார் அவர். "தரையிலிருந்து கேக்குது."

திறக்காதீங்க. வாய் மட்டும் அசைந்தது.

கட்டில் கிரீச்சிட்டது. காலடி. ஏதோ கனமானது நகர்ந்தது.

"வாங்க, வாங்க." வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற குரல். "இத்தனை பேரா? உள்ள வாங்க. அவ மேல போயிருக்கா. இருங்க, கூப்பிடுறேன்."

அவள் காதுக்கு நேர் கீழே, பல கைகள் ஒன்றாகத் தட்டின.