வலி போதவில்லை

மாலை நாலு மணிக்கு, மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, அந்தக் கருத்து வந்தது.

"கொல்லன் விரலை ஒடிக்கிறப்போ ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. ஒடிஞ்ச அடுத்த நொடி யாரோ சிரிக்கிறாங்க. ஆட்டத்துல இருக்கிறவன் சிரிப்பு இல்ல. வயசான ஆளு. சிரிச்சு முடிக்கிறப்போ எச்சில் முழுங்குற சத்தம் வருது. குமட்டுது."

அவள் அதை ஒலி சம்பந்தப்பட்ட கருத்துகளோடு சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

கன்சோலில் ஆடும் சண்டை ஆட்டம் அது. கொல்லன், தாதி, பூட்டுக்காரன், கசாப்புக்காரன் என்று ஆளுக்கொரு தொழில், தொழிலுக்கொரு கொலை. ஆடியவர்கள் எழுதுவதையெல்லாம் படிப்பது அவள் வேலை. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையைத் துடைத்துக் கணினியை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து படிப்பாள். வேகம், பிடி, உருவம், ஒலி என்று பிரிப்பாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி எழுதி உரியவருக்கு அனுப்புவாள். ஊரே கூடிக் கத்துவதை ஒரு வரிக்குள் அடக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று குழுத் தலைவன் சொல்வான். அவன் தலையில் ஒரு முடி கிடையாது. எல்லோருக்கும் அவன் மொட்டை. கடிதங்களின் அடியில் அவனே அப்படித்தான் போட்டுக்கொள்வான்.

"தாதி உதைக்கிறதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்து தடுக்கலாம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். இன்னொருவன், "குடல் வெளிய வர்றது அருமை. ஆனா நிறம் தப்பு. குடல் இவ்ளோ சிவப்பா இருக்காது" என்றிருந்தான். இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஆரம்பத்தில் அவள் யோசித்ததுண்டு. இப்போது யோசிப்பதில்லை. சாக்கடையோரம் குடியிருப்பவர்களுக்கு மூக்கு பழகிவிடுவதுபோல அவளுக்கும் பழகிவிட்டது.

ஒலி பற்றிய வரி அவள் கணவனுக்குப் போகும். ஆட்டத்தின் சத்தங்களை உண்டாக்குகிறவன் அவன்தான். வீட்டின் பின்னறைச் சுவர்களில் மெத்தைகளை அறைந்து, கதவுக்கும் மெத்தை தைத்து, மேலே ஒரு சிவப்பு விளக்கு மாட்டியிருந்தான். விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. தோல் பையை ஈரத்துணியில் சுற்றி அடித்தால் குத்து. தர்பூசணிக்குள் கையை விட்டுத் துழாவினால் வயிறு. முள்ளங்கியை ஒடித்தால் எலும்பு. ஒடித்த முள்ளங்கியை வீணாக்குவானேன் என்று அதைத்தான் இரவில் சமைத்துத் தின்றார்கள். "இன்னைக்கு எத்தனை பேர் கழுத்துடா இது?" என்று அவள் மாமனார் கேட்பார். சிரித்துக்கொண்டே தின்பார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் ஒரு கருத்தைப் படித்துக் காட்டினாள். "இவன் கழுத்தை முறிக்கிறானா, சாலட் பண்றானா?"

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். கணவன் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதன் பிறகு வீட்டில் முள்ளங்கி வாங்குவது நின்றது.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுக்க மரத்திருந்தது. விருந்தாளி வந்தால் முள்கரண்டியை எடுத்து இடது கையில் குத்திக் காட்டி, அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். வாயின் இடது ஓரம் தொங்கி எப்போதும் ஈரமாக இருக்கும். ஒரு வருடம் அந்த வாயைத் துடைத்தது அவள்தான். வாய்க்குள் தங்கிய பருக்கைகளை விரலால் வழித்தெடுத்தது அவள்தான். வெதுவெதுப்பான எச்சில் மணிக்கட்டு வரை வழியும். எத்தனை முறை சோப்பு போட்டாலும் அந்த வாடை விரலிடுக்கில் நிற்கும். அதே கையால்தான் அவளும் சாப்பிட வேண்டும். முகத்தில் மட்டும் எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அதனால், "அப்பாவை இனிமே நான் பாத்துக்கறேன். பகல்ல என் ரூம்லயே இருக்கட்டும், அவருக்கும் பேச்சுத் துணை. நீ உன் வேலையைப் பாரு" என்று கணவன் சொன்னபோது அவள் ஏன் என்று கேட்கவில்லை. விட்டது தொல்லை என்றிருந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனாலும் கேட்கவில்லை.

ரெண்டு மாதமாக அவரைச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்க்கிறாள். சக்கர நாற்காலியில் வருவார். இடது கையை மடியில் ஒரு துண்டு மூடியிருக்கும். முன்னைவிடத் தெம்பாக இருந்தார். தினமும் முகம் மழித்திருந்தார். வேலைக்குப் போய் வருகிறவர்போல.

ஆட்டத்துக்கு மதிப்பெண் ஏறியதும் அந்த ரெண்டு மாதத்தில்தான். கொல்லனின் கடைசி அடி எல்லோர் வாயிலும் விழுந்துவிட்டது. தோற்றவனின் கையைப் பட்டடைமேல் வைத்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒடிப்பான். "இப்பதான்யா எலும்பு எலும்பா இருக்கு" என்று எழுதினார்கள். "ரெண்டு நாளா என் விரலையே தடவிட்டு இருக்கேன்" என்றான் ஒருவன்.

ஆனால் புகழ்ச்சி எத்தனை நாள் தாங்கும்? இந்த வாரம் வேறு பேச்சு. "ஒடியுது. ஆனா ஒடியறவனுக்கு உறைக்கவே இல்லையே." "செத்த ஆளு கையை ஒடிச்ச மாதிரி இருக்கு." "போன அப்டேட்ல ஒரு அலறல் சேர்த்திருக்கான். நடிப்பு. தூ."

அவள் எல்லாவற்றையும் படித்து முடித்தாள். வழக்கம்போல ஒரு வரி எழுதிக் கணவனின் போனுக்கு அனுப்பினாள்.

*எலும்பு சரி. வலி போதவில்லை.*

அனுப்பிய கையோடு மொட்டை கூப்பிட்டான்.

"அக்கா, ஒலிக்கு இன்னைக்கு என்ன வரி?"

சொன்னாள்.

"அதேதான். எப்படிக்கா நாலே வார்த்தையில முடிக்கிறீங்க? நான் எழுதினா நாலு பக்கம் ஆகும். சாருக்கு அனுப்பியாச்சா?"

"அனுப்பிட்டேன். ஏன்டா, ஒரு சிரிப்புச் சத்தம் கேக்குதுன்னு எழுதியிருக்கானே, நீ கேட்டியா?"

"கேட்டேனே. அதுவும் சாப்பிடறப்போ கேட்டுத் தொலைச்சேன். தட்டைத் தள்ளி வெச்சிட்டேன்." அவன் சிரித்தான். "எவன் சிரிச்சா என்னக்கா, மதிப்பெண் எகிறுதுல்ல? அதை எடுத்துட வேண்டாம்னு சார்கிட்ட சொல்லுங்க. கொள்ளை பேருக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கா?"

"குமட்டுதுன்னு எழுதறவன்தான் திரும்பத் திரும்பக் கேக்கறான். நீங்க கேட்டதில்லையா?"

அவள் கேட்டதில்லை. படித்ததோடு சரி. இத்தனை வருடத்தில் அந்த ஆட்டத்தைச் சத்தம் வைத்து அவள் ஆடியதே இல்லை.

கன்சோலை முன்னறைத் தொலைக்காட்சியில் பொருத்தினாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து அறை முழுக்க ஒரு சாம்பல் நிற வெளிச்சம் நெளிந்தது. குளிர்பெட்டி ஒருமுறை முனகி அடங்கியது. எங்கோ பக்கத்து வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தமும், கூரைக் குழாயிலிருந்து விட்டுவிட்டு நீர் கொட்டும் சத்தமும் வீட்டைத் தாலாட்டுவதுபோல் வந்துகொண்டிருந்தன. அவள் ஹெட்போனை மாட்டினாள். எல்லாம் அறுந்தது.

கொல்லனைத் தேர்ந்தெடுத்தாள். எதிராளி பூட்டுக்காரன். பொத்தான்களைக் கண்டபடி அழுத்தியே ஜெயித்துவிட்டாள். திரையில் கை பட்டடைக்குப் போனது.

முதலில் தோல் உரசியது. பிறகு ஒரு மூட்டு தன் குழியைவிட்டு நகரும் வழவழப்பு. பிறகு முறிந்தது. முள்ளங்கிபோல் சுத்தமாக இல்லை. பச்சைக் குச்சியை வளைத்து வளைத்து, நார் விடாமல், முறுக்கிப் பிய்ப்பதுபோல். உள்ளே ஏதோ ஈரமாகக் கிழிந்தது.

அப்புறம் சிரிப்பு.

ஹெ. ஹெஹெ. தொங்கிய உதடு ஒன்று காற்றில் படபடத்தது. தேங்கியதை உறிஞ்சி விழுங்கியது.

அந்த வாயை அவளுக்குத் தெரியும். அதற்குள் எந்தப் பல் ஆடுகிறது என்றுகூடத் தெரியும்.

ஹெட்போனைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தாள். புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு நிற்கவில்லை.

ஹெட்போன் அங்கே கிடந்தது. திரை ஊமையாக இருந்தது. சிரிப்பு வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மெல்ல. பஞ்சுக்குள் பொதிந்ததுபோல.

நடைவழியில் விளக்கு போடவில்லை. பின்னறைக்குப் பக்கத்தில் போகப் போகக் கிருமிநாசினி வாடை ஏறியது. அவர் குளிக்கும் தண்ணீரில் ஊற்றுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கடியில் வேறொரு வாடை. பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீர். இனிப்பாக. இதுவும் தினமும் வந்த வாடைதான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போன வாடை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் கைப்பிடியைத் தொட்டாள். பிசுபிசுத்தது.

திறந்தாள்.

மாமனார் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். தலை படிய வாரியிருந்தது. காதில் ஹெட்போன். எதிரே மைக் தொங்கியது. அதன் அடியில், மடித்த ஈரத்துண்டின்மேல், இடது கை.

கை மாதிரி இல்லை. நீர் நிரப்பிக் கட்டிய கையுறை மாதிரி இருந்தது. விரல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. ஒன்று பின்னால் மடிந்து மணிக்கட்டைத் தொட்டது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதன் நகம் துண்டில் ஒட்டிக் கிடந்தது.

"வாம்மா, வா!" என்றார். "நேத்து ஒருத்தன் எழுதியிருக்கான், கேட்டியா? பொறந்ததுலேர்ந்து இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லையாம். யாரு சத்தம்? என் சத்தம்!"

"மாமா... கை..."

"எந்தக் கை? அது என் கையே இல்லம்மா. யாரோ மறந்து விட்டுட்டுப் போனது." ஹெ. ஹெஹெ. உறிஞ்சினார்.

கணவன் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். களைத்திருந்தான். கையில் போன். திரையில் அவள் அனுப்பிய வரி.

"டீ குடிச்சியா?" என்று கேட்டான்.

அவள் துண்டில் ஒட்டியிருந்த நகத்தையே பார்த்தாள்.

"நீ எழுதினது சரிதான்," என்றான். "உன் வரி என்னைக்குமே தப்பினதில்ல. அப்பாகிட்ட வலி இல்ல. என்ன பண்ணாலும் சிரிக்கிறார்."

"நானும் கத்திப் பாத்தேன்மா," என்றார் மாமனார். வருத்தமாகத்தான் சொன்னார். "உசுரைக் கொடுத்துக் கத்தினேன். நடிப்புன்னு எழுதிட்டானுங்க."

"கண்டுபிடிச்சுடறாங்கப்பா. அவங்களை ஏமாத்த முடியாது." கணவன் எழுந்தான். "என் கையிலயே பண்ணிக்கலாம்னுதான் பாத்தேன். அப்புறம் இந்த மிஷினை யாரு ஓட்டறது?"

அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். மெத்தையோடு மெத்தை சேர்ந்தது. மழைச் சத்தம் நின்றது. வீடு நின்றது. அவள் மூச்சு மட்டும்.

ஒலியளவு காட்டும் பச்சை முள் அவள் மூச்சுக்கு லேசாகத் துள்ளியது.

இருவரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமனார் வலது கையால் பக்கத்து நாற்காலியை இழுத்து, அதில் இருந்த தூசியைத் தட்டினார். கணவன் ஒரு துண்டை உதறி மைக்குக்குக் கீழே விரித்தான். துவைத்து மடித்த துண்டு. அவளே மடித்தது. சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டான். பிறகு அவள் பக்கம் குனிந்தான். காய்ச்சல்காரியிடம் கேட்பதுபோல் அத்தனை தணிந்த குரலில் கேட்டான்.

"டைப் அடிக்க உனக்கு எந்தக் கை வேணும்?"