மூன்றாவது சுவரின் பாட்டு

மந்திரவாதியே ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் திருதிருவென்று விழித்தால் எப்படி இருக்கும்? குருவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

குருவி என்பது அவளுடைய பட்டப்பெயர். எந்நேரமும் வாய்க்குள் எதையாவது பாடிக்கொண்டே இருப்பாள், அதனால் வந்தது. அவள் அம்மாவுக்கு ரயில் நிலையத்து லாக்கர் அறையில் வேலை. பள்ளி விட்டதும் குருவி நேரே அங்கே வந்து, அம்மாவின் மேசை ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அந்த அறையின் மூன்று சுவர்களிலும் மூன்று தலைமுறை லாக்கர்கள் இருந்தன. முதல் சுவரில் இருந்தவை மரத்தில் செய்தவை. அவற்றின் சாவி ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். அவ்வளவு பெரிய சாவியையும் மக்கள் தொலைத்தார்கள்! அதனால் அடுத்த சுவரில் இரும்பு லாக்கர்கள் வந்தன. காசு போட்டால்தான் பூட்டும், சாவியும் கையில் வரும். அந்தச் சாவியையும் தொலைத்தார்கள்.

"ஆளை விடுங்கப்பா, சாவியே வேணாம்" என்று போன மாதம் மூன்றாவது சுவரில் புது லாக்கர்களை வைத்தார்கள். ஒவ்வொரு கதவிலும் எண் பொத்தான்கள். நீங்களே நான்கு எண்களை அழுத்திப் பூட்டலாம். மறுபடி அதே எண்களை அழுத்தினால் திறக்கும்.

"இப்ப நம்பரைத் தொலைக்கறாங்க. சாவின்னா குனிஞ்சாவது தேடலாம். நம்பரை எங்க போய்த் தேடறது?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஆனால் குருவிக்கு மூன்றாவது சுவர் என்றால் உயிர். ஏன் தெரியுமா? ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு சத்தம்! சின்ன எண்கள் தவளை மாதிரி கொர் என்றன. மேலே போகப் போகச் சத்தம் மெலிந்து, ஒன்பது கீச்சென்று கத்தியது. யார் வந்து அழுத்தினாலும் குருவிக்கு ஒரு குட்டிப் பாட்டு கிடைத்துவிடும்.

மந்திரவாதி இப்போது அந்தச் சுவரின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். மீசை நுனியில் வியர்வை சொட்டியது.

"சார், நீங்க சங்கிலியையே ஊதித் திறக்கறவராச்சே!" என்றார் அம்மா.

"அது என் சொந்தப் பூட்டும்மா! எப்படித் திறக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர் பரிதாபமாக. "இதுல யாருமே கண்டுபிடிக்கக் கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சு ஒரு நம்பர் வச்சேன். இப்ப எனக்கே ஞாபகம் வரமாட்டேங்குது."

குருவி களுக்கென்று சிரித்தாள். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எதிர்ல ஆஸ்பத்திரியில என் பொண்ணு இருக்கா. நாளைக்கு ஆபரேஷன். பயந்து போய் யார்கிட்டயும் பேசமாட்டேங்குறா. சாயங்காலம் அவளுக்காகவே வித்தை காட்டறேன்னு சொல்லியிருக்கேன். முன்னாடியே பாத்துடக் கூடாதுன்னு வித்தைப் பெட்டியைக் காலையில இங்க வச்சேன். ஆறு மணிக்கு மேல வார்டுல விடமாட்டாங்க."

அம்மா அவசரமாக ஃபோன் போட்டார். லாக்கர் மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம்.

"ஏற்கெனவே நாலு தடவை தப்பா அழுத்திட்டீங்க சார். இன்னும் ஒரு தடவை தப்பானா நாளைக்கு வரைக்கும் பொத்தானே வேலை செய்யாது."

மந்திரவாதி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். இன்று பள்ளி விடுமுறை, காலையிலிருந்தே குருவி இங்கேதான் இருந்தாள். இந்த மாமா வந்தது கூட நினைவிருந்தது. அப்போது ஒரு பாட்டு கேட்டதே! நடுவில் தவளை இரண்டு தடவை கத்தியதே!

"மாமா! எனக்குப் பாட்டு தெரியும்!"

"பாட்டா? எனக்கு இப்ப நம்பர் வேணும் கண்ணு."

"நம்பர்தான் மாமா பாட்டு! கீ... கொர் கொர்... கீச்!"

மந்திரவாதி துள்ளி எழுந்து லாக்கரை நோக்கிப் பாய்ந்தார். குருவி அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"ஐயோ, அதுல அழுத்தாதீங்க! ஒரே ஒரு தடவைதான் இருக்கு. பக்கத்துல காலியா இருக்குல்ல, அதுல அழுத்திப் பாக்கலாம்."

காலி லாக்கரின் முன்னால் மூவரும் தலையோடு தலை முட்டி நின்றார்கள். கதவு திறந்தே கிடந்ததால் எத்தனை முறை அழுத்தினாலும் பாதகமில்லை. குருவி கண்களை மூடிக்கொண்டாள். அம்மா ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

"ஏழு."

"இல்லம்மா, கொஞ்சம் தடியா இருக்கு."

"எட்டு."

"இதேதான்! இதேதான்!"

தவளை ஒன்றில் இருந்தது. கீச், சந்தேகமே இல்லை, ஒன்பது. மந்திரவாதி தம் லாக்கருக்கு வந்து அழுத்தினார். எட்டு... ஒன்று, ஒன்று... ஒன்பது.

டப்! கதவு திறந்தது.

மூவரும் போட்ட கூச்சலில் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மந்திரவாதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, குருவிக்குத் தொப்பியைக் கழற்றி ஒரு வணக்கம் வைத்துவிட்டு மறுபடி ஓடினார்.

குருவி குதித்துக் குதித்துக் களைத்தாள். பிறகு திடீரென்று மூன்றாவது சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நான் காதால கேட்டே கண்டுபிடிச்சேன்னா திருடனும் கண்டுபிடிப்பான்ல? அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கம்மா."

அம்மா அவளையே பார்த்தார். "உன் பாட்டெல்லாம் போயிடுமேடி?"

"போகட்டும்மா" என்றாள் குருவி. சொல்லும்போது மூக்கை லேசாக உறிஞ்சிக்கொண்டாள்.

மறுநாள் மெக்கானிக் வந்து சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனார். பள்ளி விட்டு வந்த குருவிக்கு மூன்றாவது சுவர் ஊமையாகத் தெரிந்தது. வீட்டுப்பாடமும் ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்திருக்குமா? நல்லபடியாக முடிந்ததா? வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பிளாட்பாரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கரகரப்பாக, ராகமே இல்லாமல், ஆனால் சந்தோஷமாக.

"கீ... கொர் கொர்... கீச்!"

மந்திரவாதி ஆடிக்கொண்டே உள்ளே வந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது கண்ணு! நேத்து ஒவ்வொரு வித்தைக்கும் இதைத்தான் மந்திரமா சொன்னேன். அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. காலையில ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்பவும் இதைத்தான் பாடிக்கிட்டே போனா! இப்ப வார்டே பாடுது!"

குருவியும் சேர்ந்து பாடினாள், அறை அதிரும்படி. அம்மாதான் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்:

"அதெல்லாம் சரி சார், அடுத்த தடவை இங்க பெட்டி வச்சா வேற நம்பர் போடுங்க!"