பதினெட்டு முகவரிகள்

திருகாணி மேல் பூசியிருந்த நகப்பூச்சில் மயிரிழை போல ஒரு விரிசல்.

நேற்று மாலை பூசியது அவள்தான். கம்ப்யூட்டர் பெட்டியின் நான்கு திருகாணிகளிலும் சிவப்பு வைத்து, படமெடுத்துவிட்டுத்தான் தினமும் அலுவலகத்தைப் பூட்டுவாள். யாராவது திருகினால் பூச்சு காட்டிக்கொடுத்துவிடும். அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவந்த பதினெட்டுப் பெண்களை இந்த உதவி மையம் எங்கெங்கே ஒளித்துவைத்திருக்கிறது என்ற விவரம் இந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. அதில் ஒருத்தி அவளுடைய அக்கா. அக்கா புருஷன் ஏழு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

விடுமுறை நாள் பிற்பகல். ஜன்னலைப் பலகையால் அடைத்திருந்த அந்த அறையில், ஆள் உயர இரும்பு அலமாரியின் புழுங்கிய காகித வாசனைக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் விட்டுவிட்டு இருமுவதைக் கேட்டபடி, முதல் வேலையாகக் கதவை உள்பக்கம் தாழிட்டாள். பிறகு வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, இன்னிக்கு யாராவது மேல வந்தாங்களா?”

“ஃபேன் ரிப்பேர்காரர் வந்தாரும்மா. நான்தான் ரூமைத் தொறந்துவிட்டேன். அப்பவே போயிட்டாரு. ஏன், கம்ப்யூட்டருக்கு நகப்பூச்சு கலைஞ்சிடுச்சா? என் வீட்டுக்காரிக்குக்கூட நான் இவ்வளவு பண்ணினதில்ல.”

“அவர் போறப்ப கையெழுத்து போட்டாரான்னு நோட்டைப் பாருங்க.”

“பாத்துட்டுக் கூப்பிடறேன்.”

பெட்டியைத் திறந்தாள். ஹார்ட் டிஸ்க் இடத்தில் இருந்தது. தொட்டாள். கம்ப்யூட்டர் நேற்றிலிருந்து அணைந்தே இருந்தது. டிஸ்க் சுட்டது. யாரோ இதைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு எழுத்துக்கூடப் படிக்க முடியாது. அது அவள் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. தெரியும். நன்றாகவே தெரியும். ஆனாலும் பட்டியல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும்.

கம்ப்யூட்டரைப் போட்டு, பாஸ்வேர்டை அடித்தாள்.

பதினெட்டுப் பேரும் இருந்தார்கள். ஒன்பதாவது வரியில் அக்கா. தெரு, கதவு எண், எல்லாம் அப்படியே. மூச்சு வந்தது.

போன் அதிர்ந்தது.

“அம்மா, உள்ள வந்ததுக்குத்தான் கையெழுத்து இருக்கு. போனதுக்கு இல்ல.”

முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரி திறந்தது. சத்தமில்லை. காற்று மட்டும் நகர்ந்தது.

திரையை அணைக்க வேண்டும். கை எழவில்லை.

அவள் தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. வியர்த்த ஆள்காட்டி விரல். திரையில் முதல் வரியைத் தொட்டது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு பெயரிலும் ஈரத்தை விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல், கீழே இறங்கியது.