அழித்த வரிக்கு வந்த பதில்

கனிஷ்கா அனுப்பாத வரிக்குப் பதில் வந்திருந்தது.

"பச்சை கேட்டைப் பூட்டிக்கிங்க அம்மணி. பயப்படாதீங்க."

பெண்களுக்கு உதவுகிற அமைப்பு என்று தோழி கீதாவின் வாட்ஸ்அப்புக்கு முந்தின நாள் வந்த லிங்க் அது. மதியம் கீதாவின் லேப்டாப்பில் அதைத் திறந்து, 'புருசன் விரலை ஒடிச்சுட்டாருங்க. கருமத்தம்பட்டில ஃப்ரெண்டு ஊட்டுல இருக்கேன். தறிக்குடோனுக்குப் பின்னாடி, பச்சை கேட்' என்று இடக்கையால் தட்டியவள், பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'உதவி வேணுங்க' என்பதை மட்டும் அனுப்பினாள். காத்திருக்கச் சொன்னது திரை.

இப்போது வெளிச்சம் மங்கிவிட்டது. பக்கத்துக் குடோனில் தறிகள் ஓயாமல் அடிக்க, சுவரின் நடுக்கம் நாற்காலி வழியே அவள் முதுகில் ஏறியது. திறந்த ஜன்னலில் பஞ்சுத் தூசியும் எண்ணெயும் கலந்த வாடை வந்தது. கட்டுக்குள் விரல்கள் விண்விண்ணென்று தெறித்தன. கீதா பால் வாங்கப் போயிருந்தாள்.

பச்சை கேட். அதை அழித்தேனே?

அவள் கணவன் மதன்குமார் வெப்சைட் எழுதுகிறவன். கல்யாணமான புதிதில் ஒருநாள் பெருமையாகக் காட்டினான். "அனுப்பற பட்டன் சும்மா பேருக்குத்தான் கண்ணு. நீ அடிக்கற ஒவ்வொரு எழுத்தையும் பிரவுசர்ல இருக்கற ஸ்கிரிப்ட் அப்பவே சர்வருக்குத் தள்ளிரும். நீ அழிச்சுபோட்டாலும் அங்க இருக்கும்." அன்றைக்கு அவள் சிரித்தாள்.

சர்வர் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யாரென்று புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கதவைத் தாழிட்டாள். கீதாவை போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

யோசித்தாள். 'பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன்' என்று தட்டினாள். அழித்தாள். அனுப்பவில்லை.

பதில் உடனே வந்தது.

"செரி கண்ணு."

நம்பிவிட்டான். அவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் இருவரும் தப்பிவிடலாம். மறுபடியும் கீதாவைக் கூப்பிட்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

ஷிப்ட் முடிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

அந்த அமைதியில் கீதாவின் போன் அடித்தது.

வாசலில்.

"கீதா? வந்துட்டயாடி?"

திரையில் மட்டும் ஒரு வரி.

"தொறந்துடு கண்ணு. அவளால முடியல."

கதவை ஒட்டிய ஜன்னலின் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நுழைந்தது. முத்து மோதிரம். கீதாவின் கை. தாழ்ப்பாளைத் தடவியது. தவறியது. மறுபடியும் தடவியது.

கனிஷ்கா ஓடினாள். பற்றினாள். இன்னும் சூடாக இருந்தது.

"உடமாட்டேன்டி!"

இழுத்தாள்.

கை வந்தது.

கை மட்டும்.