அவன் ஈறு ஏன் அழகானது?

"ஐயோ!"

அலறியது நோயாளி இல்லை... பல் டாக்டர் கிருபா!

தென்காசியில் அவளுடைய க்ளினிக். நாற்காலியில் வாயைப் பிளந்தபடி இசக்கிராஜா. பக்கத்தில் அவன் மனைவி கல்யாணசுந்தரி. தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்தவள்.

"என்ன டாக்டரம்மா? ஈறு சூப்பரா இருக்குல்லா?" இளித்தான்.

"அதான் பயமா இருக்கு! வச்ச கிட்னியை உடம்பு ஒதுக்கிடக் கூடாதுன்னு ஒரு மாத்திரை சாப்பிடுதீங்கல்லா? அதாலதான் உங்க ஈறு பல்லை மூடி வளந்துச்சு. இப்ப வத்திருச்சுன்னா... மாத்திரை உள்ள போகலைன்னுதான அர்த்தம்!"

கிருபா போனை எடுத்தாள். திருநெல்வேலி கிட்னி டாக்டர் பதறினார்.

"நான் மாத்திரையை மாத்தவே இல்லையே! உடனே அனுப்புங்க!"

இசக்கிராஜாவின் வீங்கிய முகம் வெளுத்தது. சட்டென்று மனைவியை நோக்கி விரல் நீட்டினான்.

"இவதான்! மாத்திரை எடுத்துத் தாரது இவதான்! டூப்ளிகேட்டைக் கொடுத்து என்னையக் கொல்லப் பாக்குதா! போலீஸக் கூப்பிடுங்க!"

"அத்தான்!" கல்யாணசுந்தரி கிருபாவிடம் திரும்பினாள். "டாக்டர்... நல்ல மாத்திரைதான் கொடுக்கேன்! இப்பக்கூட வாசல்ல வச்சு ஒண்ணு கொடுத்தேன்..."

வாசலிலா?

"வாயைத் திறங்க!"

"எதுக்கு?"

"திறய்யா!"

கடைவாய்க்குப் பின்னால் கிருபாவின் இடுக்கி நுழைந்தது. எச்சில் நூல் நூலாக இழுக்க... வெளியே வந்தது குழைந்துபோன காப்ஸ்யூல்!

கிருபா அதைத் தட்டில் போட்டாள்.

"அடச்சீ! அவங்க கொடுக்க, நீங்க ஒளிச்சு வச்சுத் துப்புதீங்களா? ஏன்?"

அவன் தலை குனிந்தான்.

"குத்தாலத்துல... ஒருத்தி இருக்கா. என் வாயப் பாத்தாலே அருவருப்பா இருக்குன்னு சொல்லுதா..."

த்தூ! மனைவியின் சிறுநீரகத்தை வயிற்றில் சுமந்துகொண்டு கள்ளக்காதல். பழியும் அவள் தலையிலேயே! மானங்கெட்ட ஜென்மம்.

"கிட்னி டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற மாத்திரை தந்திருப்பாரே! இல்ல, அவர்ட்ட கலந்து பேசி நானே ஈறை வெட்டிச் சரி பண்ணியிருப்பேனே!"

கிருபா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

"கிட்னி... போயிருச்சா டாக்டர்?"

"போயிருக்கலாம்."

இசக்கிராஜா மனைவியின் கையைப் பிடித்தான். குழைந்தான்.

"சுந்தரி... உனக்குத்தான் இன்னும் ஒண்ணு இருக்குல்லா?"

கல்யாணசுந்தரி கையை உதறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குத்தாலத்துக்காரிகிட்ட ரெண்டும் முழுசா இருக்கும்லா... ஆம்புலன்ஸை அங்கன விடச் சொல்லுங்க, அத்தான்!"