கழுத்துக் குழாய்

அந்தச் சொல்லை முதலில் யார் சொன்னார்கள் என்பது ஜென்சிக்குச் சரியாக நினைவில்லை. தானே சொல்லியிருப்போமோ என்றும் சில சமயம் தோன்றுகிறது.

தாம்பரத்தில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கனத்த கண்ணாடியைத் தாண்டிப் பேருந்துகளின் ஹாரன் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். உள்ளே ஸ்பிரிட் வாசனை, வென்டிலேட்டரின் சீரான மூச்சு, பகலையும் இரவையும் ஒன்றாக்கிவிட்ட வெள்ளை வெளிச்சம். மூலைப் படுக்கையில் சாவித்ரி அம்மா. நிமோனியா தணிந்துகொண்டிருந்தது. கழுத்து வழியாக இதயத்துக்கு அருகே வரை போகும் குழாய் இனி அவருக்குத் தேவையில்லை. தேவையில்லாமல் உள்ளே கிடக்கும் குழாய் வழியாகத்தான் கிருமி இரத்தத்தில் இறங்கும். அதனால் நர்ஸ் ஜென்சி காலை ரவுண்ட்ஸில் தவறாமல் கேட்பாள்.

"இன்னிக்காவது அந்த லைனை எடுத்துடலாமா டாக்டர்?"

"ஜென்சி சிஸ்டரோட காலை ஜெபம் ஆரம்பிச்சாச்சுப்பா" என்றார் டாக்டர் எலியேசர்.

"ஆமென் சொல்லிட்டு எடுத்துடுங்க சார்" என்றான் உடன் வேலைசெய்யும் ஜோஸ்வின்.

"இருக்கட்டும்."

அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

மாலையில் காரணம் கேட்டபோது எலியேசர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எங்க சொன்னேன்? நீங்கதானே இருக்கட்டும்னீங்க?"

"நான் இல்லக்கா" என்றான் ஜோஸ்வின், அவள் கேட்பதற்கு முன்பே.

பார்வை நேரத்தில் மகன் அனிருத் வந்தான். "அம்மாவை எப்ப சிஸ்டர் வார்டுக்கு மாத்துவீங்க? செம்பாக்கம் வீட்ல கட்டில் எல்லாம் போட்டு ரெடியா வெச்சிருக்கேன்." சீக்கிரம் என்றாள். அது பொய்யாகிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கேட்டுவிட்டு முகக்கவசங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசினால் துணி அசைய வேண்டும். எலியேசருடையது அசையவில்லை. ஜோஸ்வினுடையதும். சாவித்ரி அம்மாவின் வாயை வென்டிலேட்டர் குழாய் அடைத்திருந்தது.

"இருக்கட்டும்."

பந்தியில் கூடுதலாகப் பரிமாற வருபவரிடம் சொல்வதுபோல மரியாதையான குரல். சாவித்ரி அம்மாவின் கழுத்தில் குழாயை மூடி ஒட்டியிருந்த கண்ணாடித்தாளுக்கு அடியிலிருந்து வந்தது. அவள் கத்தியிருக்க வேண்டும். ஆனால் அதைக் கேட்டதும் உள்ளே ஏதோ மரத்துப்போயிற்று. யாரோ முடிவெடுத்துவிட்டார்கள், இனி நம் பொறுப்பில்லை என்கிற சோர்வான நிம்மதி. மற்றவர்களோடு அவளும் நகர்ந்தாள். அப்படியே பல காலைகள் போயின.

பிறகு காய்ச்சல் வந்தது. கட்டில் அதிரும்படி நடுக்கம். இரத்தத்தில் கிருமி.

"எடுங்க. இப்பவே" என்றார் எலியேசர்.

கைகளைக் கழுவினாள். கையுறை மாட்டினாள். தையலை வெட்டி இழுத்தாள். ஒரு சாண் நீளக் குழாய் அது. ஒரு சாண் வந்தது. மறு சாண். இன்னும் வந்தது. வெதுவெதுப்பாக. படுக்கையில் சுருண்டது. தரையைத் தொட்டது.

"சார்."

இழுப்பதை நிறுத்தினாள்.

உள்ளேயிருந்து ஒரு இழுப்பு. மெதுவாக. அவள் கையோடு சேர்த்து.

திரும்பிப் பார்த்தாள். இருவரும் அசையாமல் நின்றார்கள். இம்முறை இரண்டு முகக்கவசங்களும் அசைந்தன. ஒரே நேரத்தில். அதே சொல்.

அவள் பிடியை விட்டாள்.

சாவித்ரி அம்மா அன்று மாலை இறந்தார். அனிருத் காரியங்களை முடித்துவிட்டுச் சிறுசேரி அலுவலகத்துக்குத் திரும்பினான். வரவேற்பறையில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான். எலியேசர் இப்போது வண்டலூர்ப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறார். ஜோஸ்வின் துபாய் போய்விட்டான். ஜென்சி வேலையை விட்டுவிட்டாள். அவள் கைகளில் அன்று கையுறை மூடியிருந்த இடமெல்லாம் இன்றுவரை உணர்ச்சி இல்லை. உடலை ஒப்படைக்கும் முன் குழாயை எடுத்துவிடுவது வழக்கம். அன்று எடுக்க முடியாததால் தோலோடு ஒட்ட வெட்டி, துணி சுற்றி அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்வரை ஜென்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பக்கத்துத் துணி மட்டும், மடிப்பு மடிப்பாக, உடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.