கஸ்பார் பேசாத இடம்

காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. கல்லறைத் திருநாள் என்பதால் ராயபுரத்துக் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்திகள் எரிந்தன. சாமந்தி, ஊதுபத்தி, புதுச் சுண்ணாம்பு எல்லாம் கலந்த வாசனைக்கு அடியில் காசிமேட்டுக் கருவாட்டு நெடி எப்போதும்போல் கிடந்தது. அந்தி வெளிச்சத்தில் எல்லாச் சுடர்களும் மேற்கே சாய்ந்து துடித்தன. ஃப்ளோராவின் கல்லறையில் எரிந்த சுடர் மட்டும் கீழே சாய்ந்தது.

அவள் புருஷன் லியோனார்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சுடர் வளைந்து மண்ணைத் தொடப் பார்த்தது. நிமிர்ந்தது. மறுபடி வளைந்தது. கீழே யாரோ மூச்சை இழுத்து விடுவதுபோல.

பக்கத்தில் அடைக்கலமேரி தன் புருஷனின் சிலுவைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். "உயிரோட கீறப்போ எனக்கு ஒரு மொழம் பூ வாங்கியாந்தியா? இப்போ உனக்கு நான் வாங்கியாறேன், பாரு" என்று சிலுவையிடம் சொல்லிவிட்டு இவன் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா தம்பி இன்னிக்கி பேசாம குந்திகினு கீற? உன் பேச்சைக் கேக்கத்தான் நானே வாரா வாரம் வரேன். என் ஆளு ஒரு நாளும் இப்டி பேசினதில்ல."

அவள் சொன்னது உண்மை. வீட்டில் அவன் யாரிடமும் பேசுவதில்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கை தவிர வேறெதுவும் வாயில் வராது. ஞாயிறுதோறும் இங்கே வந்து உட்கார்ந்தால் மட்டும் பேச்சு வந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதும், அடுக்களைக் கூரை ஒழுகுவதும். இன்றும் அதே குரலில் தொடங்கினான்.

"ஃப்ளோரா, இன்னிக்கு கோதுமைக் கப்பல் வந்துது."

சுடர் மண்ணோடு படுத்தது.

பகலில் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலை தவிர லியோனார்டுக்கு இன்னொரு வேலை இருந்தது. அதை அறிந்தவன் ஒருவன்தான்: ஃப்ளோராவின் அண்ணன் கஸ்பார், இந்தத் தோட்டத்தின் காவல்காரன். கடலில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. வேறொன்று வரும். கல்மண்டபத்து வலைக்காரர்கள் அதற்குக் கரையேறி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குச் சொந்த முகமில்லை, சொந்தக் குரலில்லை. இரண்டையும் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் அதன் எதிரில் யாரும் வாய் திறக்கக்கூடாது. எண்ணூர் உப்பளத்திலும், சடையங்குப்பத்து வெள்ளத்திலும், ஒருமுறை கப்பலின் அடித்தளத்திலும் இரண்டு பேரும் கைச்சாடையிலேயே பேசி, தார் பூசிய வலையில் அதைச் சுற்றிக் கட்டி, படகில் கொண்டுபோய் ஆழத்தில் விட்டிருக்கிறார்கள். காட்டுப்பள்ளியில் பிடித்தது மட்டும் ஆழத்தில் நிற்கவில்லை. எத்தனை முறை விட்டாலும் திரும்பியது. குப்பத்தில் பிணங்கள் விழுந்தன. கடைசியில் கஸ்பார் தனியாகப் போனான். முடிஞ்சுது என்றான்.

அந்த வாரம்தான் ஃப்ளோரா டைபாய்டில் போனாள். லியோனார்ட் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை. எல்லாக் குடும்பங்களும் ஒரே குழியில்தான், பழையவர் மேல் புதியவரை வைப்பார்கள். அப்பா குழியிலேயே தங்கச்சியையும் வைப்போம் என்று கஸ்பார் சொன்னான். பிறந்த வீட்டின் சொல். யார் மறுப்பார்கள். குழியையும் அவனே, யாரையும் கூட்டாமல் வெட்டினான்.

மெழுகுவத்தியை நிமிர்த்த லியோனார்ட் குனிந்தான். தார் வாசனை.

மண்ணில் விரலை விட்டான். ஈரக் கயிறு தட்டியது. இழுத்தான். வலையின் ஓரம், அதில் கோத்த ஈயக்குண்டு, குண்டுக்குப் பக்கத்தில் முடிச்சு. கஸ்பார் இடது கைக்காரன். அவன் போடும் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

இது எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

நிமிர்ந்தான். பூவரச மரத்தடியில் கஸ்பார் நின்றான். வாய் திறக்கவில்லை. கையை மட்டும் தூக்கி விரல்களை மடக்கி மடக்கி விரித்தான். அவர்களுடைய சாடையில் அதற்குப் பொருள்: நிறுத்தாதே.

ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவன் கஸ்பார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து இந்தக் கல்லறைப் பக்கத்தில் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. துக்கம் என்று லியோனார்ட் நினைத்திருந்தான்.

தூறல் விழுந்தது. ஜனங்கள் முக்காடு போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். அடைக்கலமேரியும் போனாள். கேட் அருகே லியோனார்ட் கஸ்பாரை மறித்தான்.

"காட்டுப்பள்ளியில புடிச்சது உங்க அப்பா குழியிலயா இருக்கு?"

கஸ்பார் குரலை இறக்கினான். "கடல் வாங்க மாட்டேன்னுது மாப்ள. மந்திரிச்ச மண்ணு, ஞானஸ்நானம் வாங்கின ஒடம்பு ஒண்ணு மேல மூடியா இருந்தாத்தான் கெடக்கும். அப்பா வெறும் எலும்பு, தாங்கல."

"அதனால ஃப்ளோராவை வெச்சே."

"நான் சாவடிக்கல. சத்தியமா சாவடிக்கல. செத்தவ வீணா போவக் கூடாதுன்னு பாத்தேன்."

"அதும்மேல உக்காந்து நான் பேசினது?"

கஸ்பார் தரையைப் பார்த்தான். "பேச்சு கேட்டுகினு கீற வரைக்கும் அது ஏறாது. ஒரு வருசமா குப்பத்துல ஒரு பொணம் வுழுந்துச்சா? உன் பேச்சுதான் மாப்ள. இப்பவும் போய் பேசு."

லியோனார்டுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தான். வந்தது ஒரே ஒரு நினைப்பு: அவளை அதன்மேல் விட்டுவைக்கக்கூடாது. சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். பின்னால் கேட் மூடும் சத்தம். சங்கிலி. பூட்டு.

"பேசு மாப்ள" என்று வெளியிலிருந்து கஸ்பார் கெஞ்சினான்.

லியோனார்ட் பேசவில்லை.

சிலுவையைச் சாய்த்து வைத்துவிட்டு முதல் வெட்டு வெட்டினான். மண் மிருதுவாக இருந்தது, யாரோ உள்ளிருந்து கிளறிவிட்டதுபோல. இரண்டாவது வெட்டுக்கு மண்வெட்டியைத் தூக்கியபோது வெளிச்சம் மாறியது. அடைக்கலமேரி புருஷனின் கல்லறைச் சுடர் கீழே வளைந்தது. அதற்கடுத்தது. அதற்கடுத்த வரிசை. தூறலில் அணையாமல் மிஞ்சிய சுடரெல்லாம், வாசல் வரை. எல்லாம் மண்ணைப் பார்த்தன.

மூச்சு நின்றது. அவனுடையதல்ல. கீழே.

தார் நெடி. ஈரம். பலகை உடையும் மெல்லிய சத்தம்.

மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

மண் பிளந்தது.

ஃப்ளோராவின் முகம். கண்கள் திறந்திருந்தன. நெற்றியிலும் கன்னத்திலும் வலைக்கண்ணிகள் அழுத்திய தடம், கட்டம் கட்டமாக. அவள் அவனைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. குரல் வரச் சற்று நேரமானது.

வந்தது லியோனார்டின் குரல்.

"ஃப்ளோரா," என்றது அவனைப் பார்த்து, "இன்னிக்கு கோதுமைக் கப்பல் வந்துது."